நூற்றியொரு லட்டும் ஒரே வரிசையும்

1. ஐம்பத்தொன்று பிரியும்

பேக்கிங் சூப்பர்வைசர் ஆன முதல் நாளே முதலாளியின் மனத்தை உடைத்தவள் நான். எங்கள் கம்பெனியில் வேறு யாரும் அந்தக் காரியத்தை அவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை.

கம்பெனி மலேசியாவில், பத்தாங் காலியில் இருக்கிறது. முறுக்கு, அதிரசம், லட்டு செய்து விற்கிறோம். என் வீடு புக்கிட் செந்தோசாவில். பதினெட்டு வருடம் தினமும் மோட்டோவில் போய், பேக்கிங் மேசையில் நின்று நின்று கால் வீங்கியபிறகுதான் சூப்பர்வைசர் பதவி வந்தது. அதுவும் மூன்று மாதம் ப்ரொபேஷன். சரிப்படாவிட்டால் பழைய மேசைக்கே திரும்ப வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது.

பேக்கிங்கில் என்ன பெரிய வேலை, அள்ளிப் போட்டு மூட வேண்டியதுதானே என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை. பேக்கிங் முழுக்க முழுக்கக் காரணிகளின் வேலை. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள்தான் அதன் காரணிகள். இருபத்துநான்கு அதிரசம் வந்தால் நான்கு வரிசையில் ஆறாறு வைக்கலாம், மூன்று வரிசையில் எட்டெட்டு வைக்கலாம், இரண்டு வரிசையில் பன்னிரண்டு வைக்கலாம். 24, 36, 48, 60 எல்லாம் தங்கமான எண்கள். எப்படி மடக்கினாலும் மடங்கும்.

எங்கள் முதலாளி முத்துவேலுவை நாங்கள் போஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இந்தத் தங்கங்களைக் கண்டாலே ஆகாது. மொய் வைக்கும்போது ஒன்று கூட்டி வைக்கிறோம் அல்லவா, அதேபோல் கல்யாணப் பலகாரத்திலும் ஒன்று கூட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. இருபது கிடையாது, இருபத்தொன்று. ஐம்பது கிடையாது, ஐம்பத்தொன்று.

"சைபர்ல முடிஞ்சா கதை முடிஞ்சுச்சுன்னு அர்த்தம்மா," என்பார். "ஒண்ணு சேத்தா வளரும். அதோட, ஒண்ணு சேத்த நம்பர எவனாலயும் பிரிக்க முடியாது. கல்யாண வூட்டுக்குப் பிரியிற நம்பர அனுப்பலாமா?"

ஐம்பத்தொன்று லட்டுக்கு நாங்கள் வைத்திருந்த ட்ரேயில் ஐம்பத்திரண்டு குழிகள். நான்கு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று. கடைசிக் குழி காலியாகப் பல்லிளிக்கும். அதில் டிஸ்யூ பேப்பரைச் சுருட்டி வைப்போம். பதினெட்டு வருடமாக நான் சுருட்டிய டிஸ்யூவை விரித்தால் கோலா சிலாங்கூர் வரை போகும்.

அன்று பதவி வந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். "போஸ், அம்பத்தொண்ணுக்கு டிஸ்யூவே வேணாம். மூணு வரிச போட்டு, வரிசைக்குப் பதினேழு வச்சா கரெக்டா வந்துரும்."

"சும்மா சொல்லாத பிலோ. அம்பத்தொண்ணு பிரியாது."

என் பெயர் பிலோமினா. அவர் பிலோ என்றால் நல்ல மனநிலை, பிலோமினா என்றால் ஆபத்து. மேசையில் ஐம்பத்தொரு லட்டை அடுக்கிக் காட்டினேன். குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு. பதினேழு. பதினேழு. நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"இருபத்தொண்ணு?"

"மூவேழு இருபத்தொண்ணு போஸ்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமா பிரியிற நம்பரையா பிலோமினா கல்யாணத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன்?"

என்னோடு பதினெட்டு வருடமும் பக்கத்து மேசையில் நின்ற பரமு அக்காவுக்கு நாக்கு சும்மா இருக்காது. "பாவம் போஸ், அதுல எத்தன ஜோடி பிரிஞ்சுதோ," என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டோருக்குள் ஓடிவிட்டேன். இரண்டே நாளில் போஸ் தேறிவிட்டார். மூன்றுக்குப் பதினேழு ட்ரே ஆர்டர் கொடுக்கச் சொன்னார். டிஸ்யூ போயிற்று. எனக்குத் தலைக்கனம் வந்தது.

2. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது

அடுத்த வாரமே அஞ்சலை அக்கா வந்தார். கோலா சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குச் சுங்கை பஞ்சாங்கில் நெல்வயல் வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு எங்களிடம்தான் ஐம்பத்தொரு லட்டு வாங்கிப் போயிருக்கிறார். டிஸ்யூ காலத்து டப்பா.

"டப்பாவத் தொறந்தாங்க சம்பந்தியம்மா," என்றார் அஞ்சலை அக்கா. "அந்தக் குழியப் பாத்துட்டு, 'என்ன, ஒண்ண வழியில தின்னுட்டீங்களா'ன்னு கேட்டாங்க. அத்தன பேரு முன்னுக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேறென்ன செய்ய? வூட்டுக்கு வந்து அழுதேன்."

அந்த டிஸ்யூவைச் சுருட்டி வைத்த கை என் கையாகக்கூட இருக்கலாம்.

"கல்யாணச் சீருக்கு நூத்தியோரு லட்டு வேணும்," என்றார். "ஒரே பொட்டியில. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தக் கூடாது. வரிசையெல்லாம் சமமா இருக்கணும். ஒரு குழி காலியா இருக்கக் கூடாது. இந்தத் தடவ அந்தம்மா ஒரு வார்த்த பேசக் கூடாது."

"கண்டிப்பா செஞ்சு தரேங்க்கா," என்றேன். "இதெல்லாம் ஒரு விசயமே இல்லலா. அம்பத்தொண்ணுக்கே போட்டுட்டோம்."

போஸ் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நானும் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறக்கும்முன் நூற்றொன்றை ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

3. பரமு அக்கா தின்ற மிச்சம்

சாப்பாட்டு நேரத்தில் பென்சிலை எடுத்தேன். இரண்டால் போகாது, ஒற்றை எண். மூன்றால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான் வருகிறது. ஐந்தால் போக, கடைசி இலக்கம் சைபராகவோ ஐந்தாகவோ இருக்க வேண்டும்; இங்கே ஒன்று. ஏழால் போகும் என்று உறுதியாக நம்பினேன். ஏழு பதினாலு தொண்ணூற்றெட்டு. மிச்சம் மூன்று.

தமிழ்ப்பள்ளியில் படித்தது நினைவிருந்தது. பத்துப் பத்து நூறு, பதினொன்று பதினொன்று நூற்றிருபத்தொன்று. ஆக, பத்தைத் தாண்டிச் சோதிக்கத் தேவையே இல்லை. பெரிய காரணி ஒன்று இருந்தால் அதற்கு ஜோடியாகச் சின்னது ஒன்று இருந்தே தீரும். சின்னது எதுவும் இல்லை என்றால் கதை அவ்வளவுதான். தெரியும். தெரிந்தும் நம்ப மனசு வரவில்லை. ஐம்பது வரைக்கும் ஒவ்வொன்றாக வகுத்தேன்.

பேப்பர் ஏமாற்றுகிறது என்று பரமு அக்கா நூற்றொரு லட்டை மேசைக்குக் கொண்டுவந்தார். ஏழு ஏழாக அடுக்கினோம். பதினாலு வரிசை அழகாக வந்தது. மூன்று லட்டு வெளியே நின்றது. பரமு அக்கா அந்த மூன்றையும் எடுத்துத் தின்றார்.

"இப்ப சரியா வந்துருச்சு பாரு."

"அக்கா, இப்ப தொண்ணூத்தெட்டுக்கா!"

மறுபடி மூன்று கொண்டுவந்து பதினொன்று பதினொன்றாக அடுக்கினோம். ஒன்பது வரிசை, மிச்சம் இரண்டு. அதையும் தின்றார். பிறகு இன்னும் இரண்டு கொண்டுவந்து பத்துப் பத்தாக வைத்தோம், மிச்சம் ஒன்று. "இது ஒண்ணுதானே, சின்னப் பசி," என்று வாயில் போட்டார். மேசையெல்லாம் பூந்தி. நான் தலையில் கை வைத்திருக்கிறேன், அவர் ஏப்பம் விடுகிறார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

நூற்றொன்று பகா எண். ஒன்றும் அதுவும் தவிர வேறு காரணியே கிடையாது. அஞ்சலை அக்கா கேட்ட பெட்டியை இந்த உலகத்தில் யாராலும் செய்ய முடியாது. ஒரே ஒரு விதத்தைத் தவிர.

எங்களுக்கு ட்ரே செய்து கொடுப்பவர் லிம். சீனர்தான், எஸ்டேட் சாமான் கடையில் வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆர்டரை மட்டும் போனில் ஃபாரமில்தான் வாங்குவார். மொத்தக் குழி எத்தனை, வரிசை எத்தனை, வரிசைக்குக் குழி எத்தனை. பெருக்கிப் பார்த்து மொத்தம் சரியாக வந்தால்தான் ஃபாரம் போகும். நான் பத்தும் பத்தும் போட்டேன், சிவப்பு எழுத்தில் திட்டியது. ஏழும் பதினாலும் போட்டேன், திட்டியது.

"ஒண்ணு, நூத்தியொண்ணுன்னு போடுலா," என்றார் பரமு அக்கா. "மொதல்ல ஃபாரம் போவட்டும். அப்புறம் போன் அடிச்சுப் பேசிக்கலாம்."

போட்டேன். பச்சை எழுத்தில் நன்றி சொன்னது. அதே நேரம் சீலிங் மெஷின் நின்றுபோனது, ஓடினேன். சீலிங் மெஷின் அந்த வாரம் முழுக்க நின்று நின்று ஓடியது. லிமுக்குப் போன் அடிக்கவே இல்லை.

4. சிவப்புத் துணி கட்டிய பெட்டி

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு லிமின் லோரி வந்தது. லோரிக்குப் பின்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், மரம் ஏற்றும்போது கட்டுவது போல.

"பிலோ, ஒம் பொட்டி வந்துருச்சு!" என்று லிம் குதித்து இறங்கினார்.

ஐந்து மீட்டருக்கும் மேல். ஒரே வரிசை. பதினேழு குழிப் பட்டை ஐந்து, பதினாறு குழிப் பட்டை ஒன்று, எல்லாவற்றையும் ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் மூடி போட்டு, தங்கக் கலர் ஓரம் வைத்திருந்தார். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

"லிம், இப்படிச் செய்றதுக்கு முன்னுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே!"

"நீ ஒரு வரிசன்னு எழுதின. நூத்தியொண்ணுன்னு எழுதின. நான் நெனச்சேன், இந்தியர் கல்யாணம், ஏதோ சாமி விசயம் போலன்னு. சாமி விசயத்துல நான் கேள்வி கேக்க மாட்டேன்லா."

பரமு அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் போஸ் வெளியே வந்தார்.

"பிலோமினா. இது என்னது?"

"நூத்தியொண்ணு பகா எண் போஸ். அதான்…"

"பாகா? பாகு பதம் தப்பிருச்சா?"

"பாகு இல்ல போஸ், பகா. எதாலயும் பிரிக்க முடியாத எண். மலாய்ல நொம்போர் பெர்டானான்னு சொல்லுவாங்க."

அவர் முகம் மாறியது. "பெர்டானாவா? பெர்டானா மெந்திரில வருதே, அந்தப் பெர்டானாவா?"

பிரதமருக்கும் பகா எண்ணுக்கும் மலாயில் ஒரே சொல்தான். "அதே சொல்லுதான் போஸ்."

"அப்ப நம்பர்லயே பெரிய ஆளு!" பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நெசமாவே பிரியாதா? மூணால?"

"பிரியாது."

"ஏழால?"

"எதாலயும் பிரியாது போஸ்."

"ஒண்ணாவது நம்மள ஏமாத்தாம இருக்கே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலை அக்கா மறுநாள் வந்து பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழியப் பாத்தே அந்தம்மா அப்படிக் கேட்டாங்க. இதப் பாத்தா என்னைய விட்டு வைப்பாங்களா? ஒன்ன நம்புனேனேம்மா," என்றார். வேறு பெட்டி செய்ய நேரமில்லை. ஒரு குழி காலியான டப்பா, அல்லது இந்த ஐந்து மீட்டர். இரண்டில் ஒன்று.

பெட்டி நெடுக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குழி மட்டும் வேணாம். இதையே கொண்டு போவோம்," என்றார்.

போஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். "பொட்டியோட நீயும் போ. பரமுவையும் கூட்டிக்க. அஞ்சலையம்மா தல குனிஞ்சு திரும்பி வந்தாங்கன்னா, திங்கக்கெழம பழைய மேசைக்குப் போயிரு. நான் சொல்ல மாட்டேன், நீயே போயிரு."

5. சுங்கை பஞ்சாங்

காலையில் கம்பெனி லோரியில் கிளம்பினோம். பெட்டி பின்னால் நீட்டிக்கொண்டு வந்தது, சிவப்புத் துணி பறந்தது. மோட்டோக்காரர்கள் கையாட்டினார்கள். ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த மலாய்க்கார அம்மா கண்ணாடியை இறக்கி, உள்ளே பாம்பா என்று கேட்டார். லட்டு என்றேன். நம்பவில்லை.

மாப்பிள்ளை வீடு வயலுக்கு நடுவில் இருந்தது. லோரி வாய்க்கால் பாதை வரைதான் போகும். அதற்குப் பிறகு நடக்க வேண்டும். அஞ்சலை அக்கா பக்கம் ஆட்களே ஏழு பேர்தான். நானும் பரமு அக்காவும் சேர்ந்து ஒன்பது. பெட்டி கனமில்லை, ஐந்தாறு கிலோ இருக்கும். ஆனால் அட்டை அல்லவா, கை இல்லாத இடத்தில் தொங்கும். வரிசையாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். "இடது, வலது" என்று பரமு அக்கா கட்டளை போட்டார். யாருக்கும் இடது எது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு சின்னப் பலகைப் பாலம். அதைத் தாண்டியதும் பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. ஐந்து மீட்டர் பெட்டி திரும்புமா? முன்னால் போன அஞ்சலை அக்கா திரும்பிவிட்டார், பின்னால் நான் திரும்பவில்லை. நடுவில் இருந்தவர்களுக்குக் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு பேர் கையை விட்டுவிட்டார்கள். பெட்டி வளைந்து, நடுப்பகுதி வாய்க்கால் மேல் இறங்கத் தொடங்கியது. ஒட்டிய இடம் ஒன்று 'டப்' என்றது. என் சூப்பர்வைசர் வேலை தண்ணீருக்குள் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். பட்டுப்புடவை, இடுப்பில் கை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று "அய்யய்யோ, லட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். செருப்பைக் கழற்றி எறிந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் நடுப்பெட்டியைத் தாங்கிப் பிடித்தார்.

"என்னடா வேடிக்க பாக்குறீங்க? வந்து புடிங்கடா!" என்று தன் ஆட்களைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தன. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள், மேளக்காரர் உட்பட எல்லாரும் ஓடிவந்து பிடித்தார்கள். யார் எந்த வீட்டு ஆள் என்றே தெரியவில்லை. சம்பந்தியம்மா வாய்க்காலில், அஞ்சலை அக்கா கரையில், இரண்டு பேரும் ஒரே பெட்டியைப் பிடித்தபடி "மெதுவா, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வீடு சேர்ந்தார்கள்.

கூடத்தில் வைத்ததும் சம்பந்தியம்மா சேறு படிந்த காலோடு பெட்டி நெடுக நடந்து எண்ணினார். சத்தமாக எண்ணினார். எண்பதைத் தாண்டும்போது அஞ்சலை அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். நூறு. நூற்றொன்று. குழி இல்லை.

"இது என்ன சம்பந்தி, பொட்டியா பாலமா?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். அப்போது அஞ்சலை அக்காவும் சிரித்தார். யாரும் வற்புறுத்தாத சிரிப்பு.

பிறகு சம்பந்தியம்மா, "பாதி எங்க ஜனத்துக்கு, பாதிய உங்க எஸ்டேட்டுக்குக் கொண்டு போங்க," என்றார். எனக்குப் பழக்க தோஷம், நானே பிரித்து வைத்தேன். இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. என் கையில் ஒன்று மிஞ்சியது.

"அத என்கிட்ட குடும்மா," என்று வாங்கினார் சம்பந்தியம்மா. இரண்டாகப் பிட்டார். பாதியை அஞ்சலை அக்காவின் வாயில் வைத்து, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சம்பந்தி," என்றார். வாய் நிறைய லட்டோடு அஞ்சலை அக்கா மீதிப் பாதியை எடுத்துச் சம்பந்தியம்மாவின் வாயில் வைத்தார். பரமு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நமக்கு ஒண்ணும் மிச்சமில்லையே," என்றார்.

திங்கட்கிழமை நான் பழைய மேசைக்குப் போகவில்லை. போஸ் 'பெர்டானா பெட்டி' என்று பேனரே அடித்துவிட்டார், அடுத்தது ஆயிரத்தொன்று என்றார். "அது ஏழாலயே பிரியும் போஸ்," என்று அலறிக்கொண்டு ஓடித் தடுத்தேன்.

பேக்கிங்குக்கு வரும் பிள்ளைகளே, கஸ்டமர் ஓர் எண்ணைச் சொன்னால், "ஆகட்டும்" என்று சொல்லும்முன் வகுத்துப் பாருங்கள். நூற்றிருபது வரை என்றால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. ஏன் அந்த எண் வேண்டும் என்றும் கேளுங்கள். வகுபடவில்லை என்றால் பயப்படாதீர்கள். அந்த எண்ணைத் தூக்க ஆட்கள் கொஞ்சம் அதிகமாக வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள்.